சிங்கம் பார்க்கத்தான் போகிறோம்

1

நாங்கள் ஆபிரிக்காவுக்குச் சிங்கம் பார்க்கப் போகிறோம் என்று நான் சொன்னபோது ஸ்காபரோவில் ஒருவரும் நம்பவில்லை. நான் பொய் சொல்கிறேன் என்பதில் அவர்களுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. ஆனால் அந்தப் பொய்க்காக என்னை மிகவும் மதித்தார்கள்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கொஞ்சம் கஷ்டம். ஆகையால் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

நான் கனடாவுக்கு வந்து இந்தக் கோடையோடு பத்து வருடம் ஆகிறது. மார்க்கம் என்ற பக்கத்து நகரத்தில் ஒரு கேக் தொழிற்சாலையில் வேலை. கேக்குகள் வரிசையாக வரும். கோணலாக வருவதை நேராக்கிப் பெட்டிப் பக்கம் தள்ளிவிட வேண்டும். யாரோடும் பேசத் தேவையில்லை. அதனாலேயே எனக்குப் பிடித்த வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போனவன் நான். ஆங்கிலத்தில் முதலில் படித்த சொற்கள் அந்த இயந்திரத்தில் எழுதியிருந்தவைதான்: தொடங்கு, நிறுத்து, ஆபத்து. ஒரு குடும்பம் நடத்த இவை போதும் என்பது என் அனுபவம்.

எங்களுக்கு ஒரே ஒரு மகள். பெயர் துளசி. நான் வந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு தாயோடு வந்தபோது சின்னப் பிள்ளை. இப்போது உயர்பள்ளியில் கடைசி வருடம். செப்ரெம்பரில் வேறு நகரத்துக்குப் போய் மிருகங்களைப் பற்றிப் படிக்கப் போகிறாள். என் மனைவி சரசு இனசனத்துக்கெல்லாம் "மகள் டொக்டருக்குப் படிக்கப் போறாள்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அது உண்மைதான். யாருக்கு டொக்டர் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டு நேரம் துளசி ஒரு படப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். புல்வெளி. அதில் கறுப்பும் சாம்பலுமாய், தாடி வைத்த மாடுகள் மாதிரி ஆயிரக்கணக்கில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தன.

"அப்பா, உங்களுக்கு இங்க ரென் இயர்ஸ். அதுக்கு என்ன செய்யப் போறீங்கள்?"

"என்ன செய்யிறது? றிச்மண்ட் ஹில் கோயிலில ஒரு அர்ச்சனை செய்வம்."

"அது எவ்ரி இயர் செய்யிறதுதானே. நான் ஓகஸ்ற்ல கென்யா போறன். சஃபாரி. என்ர சொந்தக் காசு. நீங்களும் வாங்கோ."

கோப்பிக் கடையில் சனி ஞாயிறு வேலை செய்து அவள் சேர்த்த காசு எதற்கு என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கேத்தி என்ற பள்ளிச் சிநேகிதியும் இன்னும் சிலரும் ஒரு லொறியில் கூடாரம் கட்டிக்கொண்டு போகிறார்களாம். அவளையும் கூப்பிட்டார்களாம்.

"பெடியளும் வருவாங்களோ?" என்று சரசு கேட்டாள்.

"சம் பாய்ஸ்."

"அப்ப நீ போகேலாது."

"தெரியும். அதுதான் அப்பாவோட போறன் எண்டு சொல்லுறன்."

இந்தப் பிள்ளை என்னைப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பஸ் தரிப்பு முன்னதாகவே இறங்கித் திரும்பிப் போகச் சொன்னவள். பெற்றோர் கூட்டம், பரிசளிப்பு விழா எல்லாவற்றுக்கும் "நீங்கள் வரத் தேவையில்லை அப்பா" என்பாள். அவள் தமிழில் பிழையில்லாமல் சொல்லும் வசனம் அது ஒன்றுதான். அவள் இப்போது "வாங்கோ" என்றாள். சிங்கத்தின் குகைக்குள் வரச் சொன்னாலும் போயிருப்பேன். அவள் கேட்டதும் ஏறக்குறைய அதுதானே.

செப்ரெம்பருக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி. அதற்கு முன் அவளோடு எனக்கு இருந்தது இந்த ஒரு பயணம்.

2

பிளாசாவில் சேலைக் கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் சிவபாதம் டிக்கெற் கடை வைத்திருக்கிறார். மொழிபெயர்ப்பு, பாஸ்போட் படம், வருமான வரி எல்லாம் அங்கேயேதான். துளசி தெரிந்தெடுத்து வைத்திருந்த பயணத் திட்டத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

"சொல்லுங்கோ அண்ணை. சென்னையோ, கொழும்போ?"

"நைரோபி."

சிவபாதம் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு பக்கத்துக் கடைக்குக் கை காட்டி எனக்குத் தேத்தண்ணி எடுப்பித்தார். பத்து வருடத்தில் அந்தக் கடையில் எனக்குக் கிடைத்த முதல் தேத்தண்ணி.

"எத்தினை பேர் அண்ணை?"

"ரெண்டு பேர். நானும் மகளும்."

"போறது ரெண்டு. வாறது?"

"வாறதும் ரெண்டுதான்."

"ஓமோம். அப்பிடித்தான் சொல்ல வேணும்."

"இல்லை சிவபாதம், மகள் சிங்கம் பாக்க வேணுமாம்."

"மகளையும் கூட்டிக்கொண்டு போறது நல்ல யோசனை. குடும்பமாப் போனா ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான். அண்ணை, நான் உங்களைச் சாதுவான மனிசன் எண்டெல்லோ நினைச்சன்!"

இங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சந்திக்கும் இரண்டு பேர் முதலில் ஊர் கேட்பார்கள். அடுத்த கேள்வி, எந்த றூட்டால் வந்தீர்கள் என்பது. மொஸ்கோ, பாங்கொக், லாகோஸ் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வழி. பிறந்த ஊர் போல அதுவும் ஒட்டிக்கொள்ளும். நான் நைரோபி றூட். எண்பத்தேழில் அங்கே ஓர் அறையில் மாதக்கணக்கில் இருந்து, வேறு ஒருவருடைய பாஸ்போட்டில் ஏறி வந்தவன். அந்த றூட்டால் வந்தவன் மறுபடி அந்த ஊருக்கே டிக்கெற் கேட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆள் எடுக்கப் போகிறான், கள்ளப் பாஸ்போட்டில் சனத்தைக் கூட்டிவரும் ஏஜென்ற் ஆகிவிட்டான் என்றுதான். பணம் கட்டிப் போய் மிருகத்தைப் பார்ப்பதற்கு எங்களுக்கு என்ன விசரா?

"போறதுக்கு நான் இண்டைக்குத்தான் முதன்முதலாப் போடுறன் அண்ணை. நைரோபியில இருந்து வாறதுக்குத்தான் எங்கட சனத்துக்கு டிக்கெற் தேவைப்பட்டது" என்றார் சிவபாதம். டிக்கெற்றை நீட்டும்போது, "சிங்கத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள், இப்ப சிங்கம் பாக்கப் போறமாம். நல்ல கதை. ஆரும் கேட்டா இதையே சொல்லுங்கோ" என்று கண்ணைச் சிமிட்டினார்.

எங்கள் நாட்டுக் கொடியில் வாள் பிடித்து நிற்கும் சிங்கத்தை நினைத்துத்தான் அவர் அப்படிச் சொன்னார். நானும் சிரித்துவிட்டேன். சிரித்தது பெரிய பிழை. ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்.

3

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் தொலைபேசி வந்தது. பேசியவரை எனக்குத் தெரியாது.

"அண்ணை, நீங்கள் சிங்கம் பாக்கப் போறியளாம்."

"ஓம் தம்பி."

"என்னட்டையும் ஒரு சிங்கம் இருக்கு. மனிசியின்ர தம்பி. நல்ல அமைதியான சிங்கம். தமிழ் மட்டும்தான் தெரியும்."

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முன்பின் தெரியாத ஒருவருக்கு முகத்தில் அடித்தாற்போல இல்லை என்று சொல்வது எனக்கு வராது. தெரிந்தவர்களுக்கும் வராது. "பாப்பம்" என்றேன். அவர் நன்றி சொல்லி, பெயரும் வயதும் சொல்லி, நான் எழுதிக்கொண்டேனா என்றும் கேட்டு வைத்தார்.

அன்றைக்கு மட்டும் இப்படிப் பல சிங்கங்கள். ஒருவருடைய சிங்கம் மச்ச மாமிசம் தொடாது, மரக்கறி மட்டும்தான். இன்னொருவருடைய சிங்கம் கார் பழுது பார்க்கும், கனடாவுக்குப் பிரயோசனப்படும். ஓர் அம்மா மிளகாய்த்தூளைப் பொலித்தீன் பைகளில் கட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அங்கே காத்துக்கொண்டிருக்கும் மருமகனுக்காம், உறைப்பில்லாமல் பிள்ளை இளைத்துப் போயிருக்குமாம். விலாசம் கேட்டேன். "உங்களுக்குத் தெரியாததே?" என்றார்.

கோயிலுக்குப் போனால் அங்கே இன்னொரு விதம். பத்து வருடமாகத் தூணுக்குப் பின்னால் நின்று கும்பிட்டு, சோறு முடியும் நேரம் வரிசையில் சேர்ந்து, ஒருவருக்கும் தெரியாமல் வீட்டுக்கு வருபவன் நான். அன்று இரண்டு பேர் எழும்பிக் கதிரை தந்தார்கள். பாயசம் கேட்காமலே இரண்டாம் தரம் வந்தது. ஒருவர் என் தோளில் கை போட்டு, "அண்ணை மாதிரி ஆக்கள்தான் எங்கட சனத்துக்குத் தேவை. சத்தம் போடாமல் காரியம் செய்யிறவர்" என்று மற்றவருக்கு அறிமுகப்படுத்தினார். சத்தம் போடாதது உண்மை. காரியம் ஒன்றும் செய்யவில்லை என்பதைச் சொல்ல வாய் எடுத்தேன், அதற்குள் அடுத்தவர் கை கொடுத்தார்.

பாயசம் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சரசு பிடித்துக்கொண்டாள். "இஞ்சேருங்கோ, ஆரோ எல்லாம் போன் எடுத்து, ஏஜென்ற் ஐயா நிக்கிறாரோ எண்டு கேக்கினம். ஆர் அந்த ஐயா?"

"நான்தான்."

"நல்லது. சந்தைக்குப் போய்ப் பேரம் பேசத் தெரியாத மனிசன் ஏஜென்ற். இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுறதுக்கு உங்களுக்கு என்ன வருத்தம்?"

துளசிக்கு இவை ஒன்றும் தெரியாது. அவள் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டி, ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு நிறத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். விமானம் இறங்கியதும் வான் வரும். நகரத்துக்குள் தங்காமல் நேரே மசாய் மாரா. அங்கே ஆற்றங்கரையில் காத்திருக்க வேண்டும். அந்தத் தாடிக்கார மாடுகள் பக்கத்து நாட்டிலிருந்து கூட்டமாக வந்து ஆற்றைக் கடக்குமாம். எப்போது கடக்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியாதாம். சில வேளை நாள்முழுக்கக் கரையில் நின்று யோசிக்குமாம். அதனால் அங்கேதான் கூட நாட்கள்.

"முதலை பிடிக்காதோ?"

"சிலதைப் பிடிக்கும். மற்றது கடக்கும்."

"விசா?"

சிரித்தாள். "இல்ல அப்பா. பிறகு மழைக்குத் திரும்பிப் போகும். எவ்ரி இயர் வந்து, எவ்ரி இயர் திரும்பிப் போகும்."

எங்களுடைய ஆட்களை விடக் கெட்டித்தனம் என்று நினைத்தேன். ஆனால் சொல்லவில்லை.

4

சஃபாரிக்கு மண் நிறத்தில் உடுப்புப் போட வேண்டுமாம், மிருகங்களுக்குக் கண்ணில் குத்தாதாம். துளசி எனக்குக் காக்கிச் சட்டையும் வட்டத் தொப்பியும் வாங்கி வந்தாள். போட்டுக்கொண்டு குசினிக்குள் போனேன். சரசு திரும்பிப் பார்த்த வேகத்தில் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது.

"கழட்டுங்கோ உதை! நெஞ்சு பதறுது."

காக்கியும் பச்சையும் போட்டவர்கள் வீட்டுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்று நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம். துளசி பார்க்கவில்லை. "வட்ஸ் ரோங்?" என்று கேட்டபடி நின்றாள். தாய் அகப்பையைக் கழுவினாள். கடைசியில் சாம்பல் நிறத்தில் உடன்பாடு ஏற்பட்டது. யானைக்கும் அதே நிறம் என்பதால் துளசி சம்மதித்தாள்.

பிறகு தடுப்பூசி. அதற்கென்று ஒரு கிளினிக் இருக்கிறது. தாதி ஒரு படிவத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க, துளசி மொழிபெயர்த்தாள். காய்ச்சல் வந்ததா, முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டு வந்த தாதி, "முன்பு ஆபிரிக்காவுக்குப் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டார். இதை மொழிபெயர்க்காமலே "நோ" என்று துளசி சொன்னாள்.

ஆனால் அந்தக் கேள்வி எனக்கு விளங்கிவிட்டது. ஊசி போடுகிற இடத்தில் பொய் சொல்லக் கூடாது. "யெஸ். கென்யா" என்றேன்.

தாதி எவ்வளவு காலம் என்று கேட்டார். மாதக்கணக்கில் என்றேன். விடுமுறையா, வேலையா என்றார். அந்த இரண்டில் ஒன்றும் பொருந்தவில்லை. எனக்குத் தெரிந்த சொல் ஒன்றைச் சொன்னேன்.

"வெயிற்றிங்."

தாதி எழுதிக்கொண்டார். துளசி என்னையே பார்த்தாள். பஸ்ஸில் ஏறி இருந்ததும் கேட்டாள்.

"நீங்கள் கென்யாவில இருந்தனீங்களோ? மாசக்கணக்கா?"

"ஓம்."

"என்ன பாத்தனீங்கள்?"

"யன்னல்."

"ஐ'ம் சீரியஸ், அப்பா."

"நானும்தான். ஒரு அறையில பன்னிரண்டு பேர். ஒரு யன்னல். முன்னுக்கு ஒரு ரயர்க் கடையும் ஒரு பெரிய மரமும். வெளியில போனாப் பொலிஸ் பிடிக்கும், பொலிஸ் பிடிக்காட்டிச் சிங்கம் பிடிக்கும் எண்டு ஏஜென்ற் சொல்லி வைச்சிருந்தவன்."

"நீங்கள் நம்பினீங்களோ?"

"எனக்குப் பக்கத்தில படுத்தவர் பள்ளிக்கூட மாஸ்ரர். அவரே நம்பினவர்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து முன் ஆசனத்தில் தலையை முட்டினாள். பிறகு, நைரோபி நகரத்தின் ஓரத்திலேயே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது, அங்கே உண்மையாகவே சிங்கம் இருக்கிறது என்று சொன்னாள். அந்த ஏஜென்ற் எங்களுக்குச் சொன்னதில் ஓர் உண்மையும் இருந்தது என்பது பத்து வருடத்துக்குப் பிறகு எனக்குத் தெரிந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல என்ன இருக்கு? சும்மா இருந்தது."

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய முகத்தில் இருந்தது கோபமா, வேறு ஏதுமா என்று எனக்கு விளங்கவில்லை. அவள் வந்த எட்டு வருடத்தில் அவளோடு நான் பேசிய ஆக நீளமான பேச்சு அதுதான். அதற்கும் ஒரு தாதி கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

5

பவளம் என்னோடு கேக் வரிசையில் வேலை செய்பவர். என்னை விட நாலைந்து வயது இளமை. நான் தள்ளிவிடும் பெட்டியை மூடுவது அவர் வேலை. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் என் எதிரே வந்து இருந்தார்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. எதுக்குப் போறியள்?"

"மகள் சிங்கம் பாக்க ஆசைப்படுறாள், தங்கச்சி."

"அப்பிடியே?" என்றார். அவ்வளவுதான். முழு ஸ்காபரோவிலும் நான் சொன்னதை நம்பிய முதல் ஆள்.

நம்பியதால் கேட்கத் தயங்கினார். சோற்றுப் பெட்டியைத் திறந்து, திரும்பவும் மூடினார். பிறகு சொன்னார்.

"என்ர தம்பி ஜெகன். அம்மா செத்த பிறகு நான்தான் வளத்தனான். நைரோபியில இருந்துதான் கடைசியாப் போன் எடுத்தவன். ரெண்டு வருசமாச்சு. ஏஜென்ற்றும் இல்லை, நம்பரும் இல்லை. கொண்டு வாங்கோ எண்டு கேக்கேல்லை அண்ணை. அந்தப் பக்கம் போறனீங்கள், ஒருக்கா விசாரிச்சா... இருக்கிறானோ இல்லையோ எண்டு மட்டும்."

மற்றவர்களுக்கெல்லாம் "பாப்பம்" என்று சொன்ன வாய்க்கு அன்று அது வரவில்லை. "கட்டாயம் பாக்கிறன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் துளசியின் சுவர் ஞாபகம் வந்தது. அதில் நைரோபிக்கு ஒரு நிறமும் இல்லை. இறங்குவது, வானில் ஏறுவது. ஓர் ஆளைத் தேட வேண்டுமானால் இரண்டு மூன்று நாளாவது அங்கே நிற்க வேண்டும். ஆற்றங்கரை நாட்களைத்தான் வெட்ட வேண்டும். ஆற்றைக் கடப்பதைப் பார்ப்பதற்காகவே அவள் இரண்டு வருடம் கோப்பி ஊற்றினாள்.

அன்று பின்னேரம் சொன்னேன். ஒரு வசனத்தில் சொல்ல நினைத்தது இழுபட்டு இழுபட்டு, தொலைபேசிக்காரர், கோயில், மிளகாய்த்தூள் எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப இது எங்கட ரிப் இல்ல. ஸ்காபரோவின்ர ரிப்."

"அப்பிடியில்லை, பிள்ளை. பவளம் அன்ரி மட்டும்தான்..."

"மூவிக்குப் போகக் கேட்டன், நோ. ஸ்லீப் ஓவர், நோ. ஒட்டாவா ஸ்கூல் ரிப், நோ. மற்ற எல்லாருக்கும் யெஸ், யெஸ், யெஸ். எனக்கு மட்டும்தான் உங்களுக்கு நோ சொல்லத் தெரியும்."

யோசித்துப் பார்த்தால் உண்மை. வெளியே ஒருவருக்கும் சொல்ல முடியாத சொல்லையெல்லாம் சேர்த்து வைத்து இவளுக்குத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

"நான் கேத்தி ஆக்களோட லொறியில போறன். நீங்கள் நைரோபிக்குப் போங்கோ" என்றாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சரசு என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் ஒரே நாட்டுக்கு, ஒரே மாதத்தில், வேறு வேறாகப் போகும் திட்டம் எங்கள் குடும்பத்துக்கு மட்டும்தான் சரிவரும்.

6

தொழிற்சாலையில் பவளம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நான் மறைக்கப் பார்த்தேன். முடியவில்லை. மகள் தனியாகப் போகிறாள் என்றேன். அவர் வீட்டு விலாசம் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை பின்னேரம் இரண்டு பஸ் மாறி எங்கள் அப்பாட்மென்ற்றுக்கு வந்துவிட்டார். என்னைப் பார்க்க வரவில்லை. துளசியைக் கூப்பிடச் சொன்னார்.

துளசி வந்து சுவரோடு நின்றாள்.

"பிள்ளை, நான்தான் பவளம். உங்கட பயணத்தைக் குழப்பினது நான். நீ அப்பாவோட போய் மிருகங்களைப் பார். என்ர கதையை விடு. மிருகங்களெண்டா எங்க நிக்கும் எண்டு புத்தகத்திலயே போட்டிருக்கு. இவனை எங்க எண்டு தேடுறது? அண்ணை பாவத்துக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டார்."

சரசு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஒருவரும் தொடவில்லை. துளசி சுவரை விட்டு வந்தாள். பிறகு பவளத்துக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள்.

"கடைசியா என்ன சொன்னவர், அன்ரி? போன்ல?"

"என்னத்தைச் சொன்னவன்! பகிடிதான். எப்பவும் பகிடி. சாப்பாடு எப்பிடியடா எண்டு கேக்கிறன், இஞ்ச யன்னலுக்கு நேர மரத்தில எங்கட ஊருக்கு அதிகாரம் பண்ணுற விதானையார் இருக்கிறார் அக்கா எண்டு சொல்லுறான். மொட்டைத் தலையாம், கறுப்புக் கோட்டாம், விடியக் காலமை தொடக்கம் ஒண்டும் செய்யாமல் எல்லாரையும் பாத்துக்கொண்டு இருக்கிறாராம். குருவியாமடி அது! ஆளளவு குருவி. காசு முடியுது எண்டான். அவ்வளவுதான்."

"கழுத்தில ஒரு பை தொங்கும்" என்றேன்.

பவளம் என் பக்கம் திரும்பினார். "ஓம். விதானையாற்ற பண முடிச்சு எண்டு சொன்னவன். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நாங்கள் சாமியார் எண்டு பேர் வைச்சிருந்தனாங்கள்."

துளசி எழும்பி ஓடினாள். தன்னுடைய பறவைப் புத்தகத்தோடு வந்து ஒரு பக்கத்தைத் திறந்து எங்கள் முன்னால் பிடித்தாள். பத்து வருடத்துக்குப் பிறகு சாமியார் என்னைப் பார்த்தார். அதே மொட்டை, அதே பை, அதே அலட்சியம்.

"மரபூ ஸ்ரோர்க்" என்றாள். "அப்பா, இது எல்லா மரத்திலயும் இருக்காது. கொலனி, கொலனியா கூடு கட்டும். ஒவ்வொரு வருசமும் அதே மரத்துக்குத்தான் வரும். நைரோபியில எந்த றோட்டில எண்டு ஆரும் எழுதியிருப்பினம். நான் லைப்ரரியில பாக்கிறன். மரம் தெரிஞ்சா ரயர்க் கடை தெரியும். ரயர்க் கடை தெரிஞ்சா யன்னல் தெரியும்."

ஏஜென்ற்மார் ஓர் அறையை இலேசில் விடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். நான் கிடந்த நிலத்தில் எட்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை கிடந்திருக்கலாம். அந்த வீட்டுக்காரருக்கு ஏதாவது தெரிந்திருக்கலாம். தெரியாமலும் இருக்கலாம். ஒரு குருவியை நம்பி ஆளைத் தேடப் போவது, சிங்கம் பார்க்கப் போவதை விடப் பெரிய விசர். ஆனால் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு வழக்கம் போல வரவில்லை. இந்த ஒரு தரம் அது நல்லதாகப் போயிற்று.

துளசி ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "யன்னலால தெரிஞ்சதைக் கீறுங்கோ. எல்லாத்தையும்."

கீறினேன். மரம், கடை, கடைக்காரன் ரயரை அடுக்கும் விதம், மழைக்குப் பிறகு தண்ணீர் ஓடும் பக்கம், ஒவ்வொரு நாளும் காலையில் பள்ளிக்கூடம் போகும் சிவப்பு உடுப்புப் பிள்ளைகள் வரும் பக்கம். அந்தப் பிள்ளைகளைப் பார்த்து நான் யாரை நினைத்தேன் என்பதைக் கீற முடியாது. மற்றதெல்லாம் வந்தது. துளசி கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். சரசு குசினி வாசலில் நின்று கேட்டவள், "எனக்கும் உதெல்லாம் சொல்லேல்லை, என்ன" என்றாள்.

துளசி சுவருக்குப் போய் ஆற்றங்கரை நாட்களில் பாதியை வெட்டினாள். முதல் மூன்று நாளுக்கும் நைரோபி என்று எழுதினாள். பேனையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அவளுக்கு அது வலித்தது என்று பின்னாலிருந்து பார்த்தே எனக்குத் தெரிந்தது.

"லொறி?" என்று கேட்டேன்.

"கேத்திக்கு மரபூவைப் பிடிக்காது" என்றாள், திரும்பாமல்.

பவளம் போக எழும்பினார். கையில் கொடுத்துவிட ஏதும் கொண்டு வந்திருப்பார் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு சொன்னார்:

"கண்டால் அண்ணை, முதலில கன்னத்தில ஒண்டு குடுங்கோ. அக்கா தரச் சொன்னவ எண்டு சொல்லிக் குடுங்கோ. அதுக்குப் பிறகு கேளுங்கோ, ஏன் ஒரு போன் எடுக்கேல்லை எண்டு."

நான் தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் ஒருவருக்கும் கை ஓங்கியதில்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"அப்பா அடிக்க மாட்டார், அன்ரி" என்றாள் துளசி. "தம்பி சாப்பிட்டீரோ எண்டு கேப்பார். நான் அடிக்கிறன்."

பவளம் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அவன் நல்ல உயரம், பிள்ளை" என்றார். "எட்டித்தான் அடிக்க வேணும்."